யூனிட்டுக்கு 46 டாலர்தானாம்!

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு வருஷ அரசுக் கல்லூரி, என்று வாயெடுத்தால் போதும், உடனே அந்தப் பாட்டு: "யூனிட்டுக்கு 46 டாலர்தான், வருமானம் கம்மின்னா அதுவும் தள்ளுபடி, கிட்டத்தட்ட ஓசி." யூனிட் என்பது பாடத்தின் அளவு; முழுநேரமாகப் படிக்க செமஸ்டருக்கு 12 யூனிட் என்றால் 552, வருஷத்துக்கு 1,104. கணக்கு சரிதான். அந்தப் பிள்ளை எங்கே தூங்கும், எதைச் சாப்பிடும், எதில் ஏறி வகுப்புக்கு வரும்? அதை எவனும் பாடுவதில்லை.

அந்தத் தள்ளுபடிக்குப் பெயர் ப்ராமிஸ் கிரான்ட். அது தள்ளுபடி செய்வது அந்த 46 டாலரை மட்டும். ஹெல்த் ஃபீ, பார்க்கிங், புத்தகம் எல்லாம் அப்படியே நம் தலையில். அதிலும் இந்த ஆக்சஸ் கோடு (ஆன்லைன் வீட்டுப்பாடத்தைத் திறக்கும் ரகசிய எண்) இருக்கிறதே, பகல் கொள்ளை! பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கி என்ன பிரயோஜனம்? வீட்டுப்பாடம் இருப்பது கோடுக்குப் பின்னால். முன்னால் படித்தவன் சுரண்டிப் போட்ட கோடு மறுபடி வேலை செய்யாது. ஒரே பாடத்துக்கு ஒரு வாத்தியார் கோடு கேட்பார், இன்னொருவர் இலவசப் புத்தகத்தில் நடத்துவார். வகுப்புப் பட்டியலில் புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளை 'ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்' என்று குறிக்கவேண்டும் என்பது 2018இலிருந்து சட்டம். அந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், பிறகு புலம்பாதீர்கள்.

உதவித்தொகை போக எவ்வளவு செலவாகும் என்று காட்ட, நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று காலேஜ் தளத்தில் ஒன்று தொங்கும். முதல்முறை சேர்ந்து முழுநேரம் படிப்பவரை வைத்துப் போட்ட கணக்கு, அதுவும் பழைய வருஷத்து எண்கள். இங்கே பாதிக்கு மேல் பகுதிநேர மாணவர்கள், ஐயா! வாடகையும் சாப்பாடும் பெரும்பாலும் 9 மாதத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். ஜூன் வந்ததும் வீட்டுக்காரர் வாடகையைத் தள்ளுபடி செய்வாரா? அந்த இரண்டு தொகைகளையும் 9ஆல் வகுத்து 12ஆல் பெருக்குங்கள், அப்புறம் பேசலாம்.

பெல் கிரான்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) வருகிறதே என்று தெம்பாக இருந்தால் அடுத்த அடி. 2025-26க்கு உச்சத்தொகை 7,395, அதாவது செமஸ்டருக்கு 3,697 சொச்சம். 12 யூனிட்டில் ஒரு 3 யூனிட் வகுப்பை ஆரம்பத்திலேயே விட்டால் 75 சதவீதம்தான்: 2,773. ஒரே கிளிக்கில் 924 டாலர் போச்சு! எல்லா வகுப்பையும் 60 சதவீத நாளுக்கு முன், 16 வாரத்தில் சுமார் பத்தாவது வாரத்துக்குள், விட்டுவிட்டால் வாங்கிய பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கானது) இருப்பவர்களே, உங்களுக்கு ஃபாஃப்ஸா, அதாவது மத்திய அரசு உதவித்தொகைக்கான விண்ணப்பம், கிடையாது. அந்த 46 டாலர் விலையும் தானாகக் கிடைக்காது: ஒரு வருஷமும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் குடியிருந்ததையும் இங்கேயே தங்கும் எண்ணத்தையும் காகிதத்தில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பல மடங்கு.

இதையெல்லாம் விடக் கடுப்பு எது தெரியுமா? உங்கள் உதவித்தொகைக்காகக் காலேஜ் போட்டிருக்கும் செலவு மதிப்பீட்டை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாம் என்பதை உதவித்தொகை அலுவலகம் தானாக வாயே திறக்காது. லேப்டாப், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு, இரண்டையும் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. ரசீதோடு எழுத்தில் கேளுங்கள். செமஸ்டர் முடியும்போது அல்ல, முதல் வாரத்திலேயே.