ஃப்ரண்ட் லோடு வாங்குமுன் வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள்

ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் போதும், "ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கலாமா?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். கடைக்குப் போனதும் பேச்சு எத்தனை கிலோ, எத்தனை ஆர்.பி.எம். (டிரம் நிமிஷத்துக்குச் சுற்றுகிற சுற்று), மோட்டாருக்கு எத்தனை வருஷ வாரண்டி என்று ஓடும். வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. சென்னையில் ஒரு ஃப்ரண்ட் லோடு பத்து வருஷம் ஓடுமா, நாலு வருஷத்தில் படுத்துவிடுமா என்பது அந்தத் தண்ணீரின் கையிலும், மெஷினை வைக்கிற இடத்தின் கையிலும்தான் இருக்கிறது. பேனலில் உள்ள பட்டன்களைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

முதலில் தண்ணீர். வேளச்சேரி, மடிப்பாக்கம், ஓ.எம்.ஆர். பக்கம் பல அபார்ட்மெண்ட்களில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்துதான் டேங்கில் ஏறுகிறது. அதன் உப்பு எப்படிப்பட்டது என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஒரே மாதிரி இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இரண்டிலும் பாதி. குளிக்கிற சோப்பைக் கத்தியால் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். டிடர்ஜெண்ட் போட்டால் வித்தியாசம் தெரியாது, சோப்புதான் வேண்டும். ஆர்.ஓ. பாட்டிலில் நுரை மேலே நிற்கும். உங்கள் பாட்டிலில் நுரை எழாமல், திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தால் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். ஹீட்டரில் படிகிற உப்பு அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. லேபில் கொடுத்து 'டோட்டல் ஹார்ட்னஸ்', அதாவது மொத்தக் கடினத்தன்மை, பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 இதற்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை விடுகிறது.

இந்த உப்பு மெஷினை எங்கே பிடிக்கிறது? டிரம்முக்கு அடியில் கம்பி வளைவாக ஒரு ஹீட்டர் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் 2000 வாட் பக்கம். தண்ணீரைச் சுடவைத்தால் கரைந்திருந்த பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாக அந்தக் கம்பியில் ஒட்டும். கணக்குப் பாருங்கள்: கடினத்தன்மை 500 என்றால், ஒரு வாஷுக்குச் சுடவைக்கிற 15 லிட்டரில் ஏழரை கிராம் சரக்கு இருக்கிறது. அத்தனையும் படியாது. ஆனால் வாரம் நாலு வாஷ் ஓடுகிற வீட்டில் ஆறே மாதத்தில் கம்பி வெள்ளைப் பூச்சு கட்டிவிடும். பூச்சு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே நின்று, ஒரு நாள் ஹீட்டர் எரியும். அதற்குமுன் கிடைக்கும் அறிகுறி, 40 டிகிரி புரோகிராம் சொன்ன நேரத்தைவிட இழுத்துக்கொண்டே போவது.

அப்படியானால் எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கலாம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பாதிதான் சரி. நம் ஊரில் குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரியில் வருகிறது. மே மாத மத்தியானம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருவது அதையும் தாண்டும். ஆகவே 30 டிகிரி புரோகிராமில் ஹீட்டருக்கு அநேகமாக வேலையே இருக்காது. ஆபீஸ் சட்டை, சுடிதார், பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாவற்றுக்கும் அது தாராளம். தலையணை உறையும் டவலும் வேறு கதை. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை வைக்கிற உறையிலிருந்து எண்ணெய் முழுசாக இறங்கச் சூடு வேண்டும். இறங்காத எண்ணெய் டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சோப்பு மிச்சத்தோடு சேர்ந்து பிசுக்காக ஒட்டும். துவைத்த துணியில் மழைக்கால ஈரவாடை அடிக்கிறதே, அது பெரும்பாலும் இந்தப் பிசுக்கில் வளரும் கிருமியின் வேலை. பெட்ஷீட், டவல், உறை மூன்றையும் சேர்த்து வாரத்துக்கு ஒருமுறை 60 டிகிரியில் ஓட்டுங்கள். 15 லிட்டரை 30-லிருந்து 60-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான். அந்த ஒரு வாஷுக்கு மட்டும் லிக்விடைத் தவிர்த்துவிட்டு ஃப்ரண்ட் லோடு பவுடர் போடுங்கள். ஆக்ஸிஜன் பிளீச் இருப்பது பவுடரில்தான். லிக்விடில் அது பொதுவாக இருக்காது.

படிந்ததை எடுக்க சிட்ரிக் ஆசிட் போதும், மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். துணி எதுவும் இல்லாமல், 100 கிராமை டிரம்முக்குள்ளேயே கொட்டி, 60 டிகிரியில் ஒரு காட்டன் புரோகிராம், அதன்பின் ஒரு ரின்ஸ். போர் தண்ணீர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மெட்ரோ வாட்டர் மட்டும் வருகிற வீட்டில் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை. அதே ஓட்டத்தில் குளோரின் பிளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள். ஆசிடும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும். குழாயில் மாட்டுகிற வெள்ளை உருண்டை ஃபில்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பாலிபாஸ்பேட். கால்சியத்தை எடுத்துவிடாது, கம்பியில் ஒட்டவிடாமல் பிடித்து வைக்கும், அதுவும் தண்ணீர் ரொம்பச் சூடாகாத வரைக்கும்தான். உருண்டை கரைந்து தீர்ந்தபின் மாற்றாவிட்டால் அங்கே தொங்குவது வெறும் பிளாஸ்டிக்.

அடுத்தது இடம். சென்னை ஃபிளாட்டில் மெஷின் போகிற இடம் சர்வீஸ் ஏரியா. அங்கே தரை வாட்டமாகத்தான் இருக்கும், தண்ணீர் வடிய வேண்டுமே! அந்த வாட்டத்தில் நாலு காலையும் மட்டம் செய்யாமல் வைத்தால் 1200 சுற்றில் மெஷின் நடக்க ஆரம்பிக்கும். ரசமட்டத்தை மேலே வைத்து முன்பின்னும் இடவலமும் பாருங்கள். காலைத் திருகி ஏற்றி இறக்கியபின் லாக் நட்டை மேல்நோக்கி இறுக்குங்கள். இதை விட்டால் பத்து வாஷில் மட்டம் போய்விடும். பிறகு எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள், துளியும் ஆடக்கூடாது. சக்கரம் வைத்த ஸ்டாண்டை ஃப்ரண்ட் லோடுக்கு வாங்கவே வாங்காதீர்கள். இந்த மெஷினுக்குள் ஆட்டத்தை அடக்கக் கான்கிரீட் கட்டியே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு கனத்தைச் சக்கரத்தின்மேல் நிறுத்துவது மெஷினுக்கும் கேடு, பக்கத்தில் நிற்பவருக்கும் கேடு.

கடைசி மாடிக்காரர்கள் தண்ணீர் அழுத்தத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள், பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. டேங்க் உங்கள் தலைக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால் 0.2 பார்தான் கிடைக்கும். பல மாடல்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 கேட்கின்றன, சில ஒன்று கேட்கின்றன. கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். குழாய் நிமிஷத்துக்கு எட்டு லிட்டராவது கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தண்ணீர் வரவில்லை என்று எரர் காட்டி நிற்கும். சின்ன பிரஷர் பம்ப் வைத்தால் தீரும். நன்றாக வந்துகொண்டிருந்த வீட்டில் திடீரென்று இந்த எரர் வந்தால் இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். மெஷின் பக்கத்து வாயில் சின்ன வலை இருக்கும், அதில் லாரி மணல் அடைத்திருக்கும். குறடால் மெல்ல இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் வேலை முடிந்தது. இதற்குச் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு விசிட்டிங் சார்ஜ் கொடுப்பது வீண்.

வடிகுழாயைத் தரையில் படுக்கவைத்து நஹானி ட்ராப்பில் (தரை வடிகால் வாயில்) செருகிவிடுவது இங்கே சர்வசாதாரணம். அதன் வளைவு தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்தால் சைஃபன் ஆகி, ஏறுகிற தண்ணீர் அப்படியே இறங்கிக்கொண்டிருக்கும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், துணி நனையாது. குழாயின் முனை டிரெயினேஜ் தண்ணீரில் மூழ்கவும் கூடாது.

பிளக் 16 ஆம்ப், எர்த் சரியாக இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் எர்த் கம்பி பெயருக்குத்தான் தொங்கும். ஈரக்கை படுகிற மெஷின் இது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிட்டு மெஷினை இறக்குங்கள்.

கிலோ, ஆர்.பி.எம். விஷயத்துக்கு இவ்வளவு போதும்: ஏழு கிலோ என்பது காட்டன் புரோகிராமுக்கு, காய்ந்த துணியின் எடை. சிந்தெடிக்கில் அதில் பாதிதான். டர்க்கி டவல் அரை கிலோ, ஜீன்ஸ் முக்கால் கிலோ, டபுள் பெட்ஷீட் ஒரு கிலோவை நெருங்கும் என்று வைத்துக்கொண்டால் நாலு பேர் வீட்டுக்கு எட்டு கிலோ சரி. துணிக்கு மேல் ஒரு கை நுழைகிற இடம் இருக்கட்டும். துணி விழுந்து எழுந்தால்தான் அழுக்குப் போகும். 1400 சுற்று நமக்கு அவசியமில்லை, சுருக்கம்தான் கூடும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கும் 1200 போதும். காட்டன் சேலையை மடித்து வலைப்பைக்குள் போடுங்கள், அப்படியே போட்டால் ஐந்தரை மீட்டரும் கயிறாகத் திரிந்து மற்ற துணிகளைக் கட்டிப் போட்டுவிடும். மோட்டார் வாரண்டியைக் கேட்டு மயங்க வேண்டாம். மோட்டார் லேசில் கெடுவதில்லை. போவது டிரெயின் பம்ப், ரப்பர், போர்டு, பேரிங். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, வெளித்தொட்டி போல்ட் போட்டதா, ஒட்டியே செய்ததா என்பது. ஒட்டியது என்றால் பேரிங் போனாலும், டிரம்மின் முதுகில் அதைத் தாங்கும் அலுமினியச் சட்டமான ஸ்பைடர் உப்பில் அரித்தாலும், மொத்தத் தொட்டியையும் மாற்றச் சொல்வார்கள்.

சோப்பு கூடிப்போவதும் பெரிய கேடு. சாதாரணப் பவுடர் போட்டால் நுரை பம்புக்குள் புகுந்து தண்ணீரை வெளியே தள்ளவிடாது. மிச்சம் நிற்கிறதா என்று பார்க்க, துவைத்து முடித்த துணியையே வைத்து, சோப்பு இல்லாமல் ஒரு ரின்ஸ் ஓட்டுங்கள். கண்ணாடியில் நுரை தெரிந்தால் அடுத்த வாஷில் அளவைக் கால்வாசி குறையுங்கள்.

ஒவ்வொரு வாஷுக்கும் பிறகு கதவோர ரப்பரின் மடிப்பை விரலால் பிரித்து, கீழ்ப்பக்கம் துணியால் துடையுங்கள். அங்கே சின்ன ஓட்டைகள் உண்டு. பஞ்சும் முடியும் அடைத்தால் தண்ணீர் நின்று கறுப்புப் பூசணம் பிடிக்கும். கதவையும் சோப்பு டிராயரையும் திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஆள் பார்க்கும்போது மட்டும். மாதம் ஒருமுறை, தண்ணீர் ஆறியிருக்கும்போது, கீழ்மூலை ஃபில்டர் மூடிக்கு அடியில் தட்டு வைத்து, சின்னக் குழாய் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை இறக்கிவிட்டு மூடியைத் திருகுங்கள். சில்லறை, சேலைப் பின், ஊக்கு எல்லாம் அங்கேதான் கிடக்கும். உள்ளே பம்பின் சின்ன இறக்கை தடையில்லாமல் சுழல்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுங்கள். கரண்ட் போய்க் கதவு பூட்டிக்கொண்டால் தண்ணீரை இறக்குகிற வழியும் இதுதான்.

கடைசியாக, மெஷின் வந்த அன்று முதுகில் இருக்கும் டிரான்ஸ்போர்ட் போல்ட்டுகளை எடுத்தார்களா என்று நின்று எண்ணுங்கள், மாடலைப் பொறுத்து மூன்று அல்லது நாலு. எடுக்காமல் ஓட்டினால் முதல் ஸ்பின்னிலேயே மெஷின் குதிக்கும். அந்த ஓட்டைகளுக்கு மூடி போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எலிக்கும் கரப்பானுக்கும் வாசல் அதுதான். எடுத்த போல்ட்டுகளைக் கவரில் போட்டு, கையேட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வாடகை வீடு மாற்றும்போது அவற்றைத் திரும்ப மாட்டாமல் மினி வேனில் ஏற்றினால் டிரம் தொங்குகிற ஸ்பிரிங்கும் அடியில் தாங்குகிற டேம்பரும் ஒரே பயணத்தில் போய்விடும்.