ஓநாயின் முதுகில் ஏறுமுன்

கொழும்பில் ரோல்ப்ளே, அதாவது ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக் கதையாக ஆடும் ஆட்டம், விளையாடும் நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் நெடுநாளாகச் சொல்ல நினைத்தது இது. காட்டு ஓநாயில் ஏறி வரும் வீரனை ஆசையாக எடுக்கிறீர்கள். ஓநாயின் பெயர், கண்ணின் நிறம், முகத்துத் தழும்பு என்று ஒரு பக்கம் எழுதுகிறீர்கள். ஆட்டம் தொடங்கியதும் அது ஸ்கூட்டி ஆகிவிடுகிறது. ஏறு, ஓட்டு, இறங்கு, வாசலில் நிறுத்து. அடுத்த சண்டை வரும்வரை அது எங்கே படுத்தது, என்ன தின்றது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. காட்டு ஓநாய் என்று சொன்னால் அதற்கு மறுக்கும் உரிமை வேண்டும். ஆள் இருந்தால் வீரனை ஒருவரும் ஓநாயை இன்னொருவரும் எடுக்க வேண்டும்.

விதியிலேயே இதற்கு இடம் உண்டு. 2014இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற ரோல்ப்ளே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், நீங்கள் ஏறிக் கட்டுப்படுத்தும் மிருகம் உங்கள் முறை வரும்போதுதான் நகரும். ஓடலாம், விலகலாம், தற்காத்துக்கொள்ளலாம், கடிக்க முடியாது. சுயமாக இயங்க விட்டால் அதற்குத் தனி முறை கிடைக்கும். நினைத்தால் பாயும், பயந்தால் உங்களையும் சுமந்துகொண்டு ஓடிவிடும். அந்த ஆட்டத்தில் கொப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் ஏறிவரும், ஓநாய் போன்ற வோர்க் என்ற மிருகத்துக்கோ சொந்த மொழியே இருக்கிறது, கொப்ளின் மொழியும் பேசும். பேசத் தெரிந்த ஒன்றின் முதுகில் கேட்காமல் ஏறுவது எந்த ஊர் நியாயம்?

பிறகு இந்த ‘ஆல்ஃபா’ கதை, அதாவது கூட்டத்தையே அடக்கி ஆளும் தலைவன் ஓநாய் என்ற கதை. ஓநாயை அடித்து வீழ்த்தினால் அது ஆயுளுக்கும் அடங்கிக் கிடக்கும் என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள்! 1947இல் ருடொல்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த எண்ணம் அது. 1970இல் அதைப் பரவலாக்கிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999இல் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம். வளர்ந்த பிள்ளைகள் துணை தேடிப் பிரிந்து போகும்.

இது ஆட்டத்துக்கு எவ்வளவு பெரிய கொடை என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஓநாய் ஒரு குடும்பத்தை விட்டு வந்திருக்கிறது. ஏன் வந்தது? துணை தேடியா, பசியாலா, குட்டிகளைப் பறிகொடுத்தா? இரவில் தூரத்தில் ஊளை கேட்டால் உங்களோடு நிற்குமா, போய்விடுமா? இந்தக் கேள்விகளை வைத்தே ஒரு முழுக் கதை ஆடலாம். வாள்சண்டையே தேவையில்லை.

“நம் புராணத்திலும் அடக்கித்தானே ஏறினார்கள்?” என்று கேட்பீர்கள். சரி, கந்தபுராணத்து ஆட்டுக்கடாவை எடுங்கள். நாரதரின் வேள்வியில் தோன்றி உலகையே கலக்கியது. வீரவாகுதேவர் பிடித்து வந்த பிறகுதான் முருகனுக்கு வாகனமானது. அந்த ஆவேசம் முதலில் வந்ததால்தான் ஏறியவரின் பெருமை தெரிகிறது. வட ஐரோப்பாவின் நோர்ஸ் புராணத்திலும் ஹிரொக்கின் என்ற அரக்கி பாம்புகளைக் கடிவாளமாக்கி ஓநாயில் வருவாள். அவள் இறங்கியதும் நான்கு வீரர்கள் சேர்ந்தும் அதைப் பிடிக்க முடியவில்லை. கீழே வீழ்த்தித்தான் நிறுத்தினார்கள். ஏறியவளைத் தவிர வேறு யாருக்கும் அது அடங்காது. எனக்கு மிகவும் பிடித்த ஓநாய்ச் சவாரி இதுதான்.

ஓநாயை எடுப்பவர்களுக்கும் ஒன்று. வசனத்தைக் குறையுங்கள், உடம்பால் ஆடுங்கள். இலங்கைக் காட்டில் ஓநாய் கிடையாது, நரிதான் இருக்கிறது. ஆனால் பின்னேரத்தில் வெள்ளவத்தை ரயில் பாதையோரம் போய்த் தெருநாய்களைக் கொஞ்சநேரம் பாருங்கள். காது பின்னால் ஒட்டுவது, வால் விறைப்பது, பல்லைக் காட்டுமுன் உதடு சுருங்குவது, பிடிக்காதவர் வந்தால் முகத்தைத் திருப்புவது எல்லாம் அங்கே இருக்கின்றன. அதை அப்படியே எழுதுங்கள். வீரனை எடுப்பவர் அதை வாசித்துப் புரிந்துகொள்ளட்டும். தவறாகப் புரிந்துகொண்டாலும் கதைக்கு நல்லதுதான்.

இரண்டு பேரும் முன்கூட்டியே கதைத்துக்கொள்ளுங்கள். ஓநாயின் அசைவை வீரன் எழுதக் கூடாது. கோபம் வந்தது என்று ஓநாய் குழுவையே கடித்துக் குதறவும் கூடாது. எது வரை போகலாம் என்பதை ஆட்டத்துக்கு வெளியே பேசி முடியுங்கள்.

அடுத்த ஆட்டத்தில் ஓநாயை எடுக்க ஆள் இல்லையென்றால் என்னிடம் கேளுங்கள், சந்தோஷமாக வருகிறேன். முதல் நாளே சேணத்தோடு மட்டும் வராதீர்கள். இறைச்சி கொண்டு வாருங்கள்.