நமக்கென்று ஒரு கிண்ணம் இருக்கிறது

சிங்கப்பூர்த் தமிழர்களிடம் காற்பந்துப் பேச்சை எடுத்தால் சீக்கிரமே மலேசியக் கிண்ணத்துக்கு வந்துவிடுவோம். 1977ல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் கூடுதல் நேரத்தில் பினாங்கை 3-2 என்று சாய்த்த ஆட்டம். அன்றைய அணித்தலைவர் சமது அல்லாபிச்சை, வெற்றி கோலைப் போட்ட குவா கிம் சோங். அந்தக் காலத்தில் பந்தை வளைத்து உதைப்பதில் பேர்போன எஸ். ராஜகோபால். அப்புறம் 1994, ஷா ஆலாம், பகாங்குக்கு எதிராக 4-0, அப்பாஸ் சாட் போட்ட மூன்று கோல். இதெல்லாம் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டிய கதைகள்.

சரி, சிங்கப்பூர்க் கிண்ணத்தை முதலில் வென்ற அணி எது என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. 1998ல் தஞ்சோங் பகார் யுனைடெட். நம் உள்ளூர் அணிகள் மோதும் நாட்டின் சொந்தக் கிண்ணம் இப்படி ஆள் இல்லாத வீடு போலக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆட்டத் தரம்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மலேசியக் கிண்ணம், மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் கொடுத்த கிண்ணத்துக்காக 1921ல் தொடங்கிய போட்டி. முதல் இறுதியாட்டத்திலேயே சிலாங்கூரை வென்றது சிங்கப்பூர். மொத்தம் 24 முறை கிண்ணம் நம்மிடம் வந்தது. அத்தனை ஆண்டுகளும் நாம் பழகியது ஒன்றே ஒன்றுதான்: தீவு முழுக்க ஒரே அணி, எதிரி எப்போதும் பாலத்துக்கு அந்தப் பக்கம். 1994க்குப் பிறகு விலகி வந்தோம், 1996ல் உள்ளூர் அணிகள் மோதும் எஸ்.லீக் தொடங்கினோம். திடீரென்று தெம்பனிஸ்காரர் ஹவ்காங்காரரை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி வரும்? வட்டாரத்தின் மேல் பிடிப்பு வேண்டும். அது வளர நாம் நேரமே கொடுக்கவில்லை.

கிண்ணத்தை வென்ற அணிகளைப் பாருங்கள். முதல் வெற்றியாளரான தஞ்சோங் பகார் நடுவில் பல ஆண்டுகள் லீக்கிலேயே இல்லை. ஆயுதப்படை அணி வாரியர்ஸ் ஆனது, 2019க்குப் பிறகு அது லீக்கில் இல்லை. ஆறு முறை வென்ற ஹோம் யுனைடெட் 2020ல் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆகிவிட்டது. தெம்பனிஸ் ரோவர்ஸ் சில ஆண்டுகள் கிளிமெண்டியிலும் ஜூரோங் வெஸ்டிலும் போய் ஆடியது. தெம்பனிஸில் இருக்கும் ஒரு தகப்பன், வேலை முடிந்து வந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயிலில் தீவின் மறுகோடிக்குப் போவானா? அணி பக்கத்தில் இருந்தால்தானே அது 'நம்ம அணி'.

வெளிநாட்டு அணிகளைச் சேர்த்ததையும் சொல்ல வேண்டும். 2010ல் தாய்லாந்தின் பேங்காக் கிளாஸ் கிண்ணத்தைக் கொண்டுபோனது. 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு முறை ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா. அந்த 2018 இறுதியாட்டத்தில் அல்பிரெக்ஸை எதிர்த்து ஆடியது புருணையின் டிபிஎம்எம். அதாவது, சிங்கப்பூர்க் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அணி ஒன்றுகூட இல்லை! அந்த அணிகள் நன்றாக ஆடின, அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு யாருக்காகக் கைதட்டுவது?

2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கொவிட்டோடு போயின. 2022 இறுதியாட்டம் ஜாலான் புசாரில். இதைத்தான் எல்லாரும் பார்த்திருக்க வேண்டும். அது சின்ன அரங்கம். முன்வரிசையில் உட்கார்ந்தால் பந்து விழும்போது செயற்கைப் புல்லிலிருந்து கறுப்பு ரப்பர்த் துகள் தெறிப்பதுகூடத் தெரியும். பயிற்றுநர் திட்டுவது ஒன்றுவிடாமல் காதில் விழும். ஹவ்காங் யுனைடெட் 3-2 என்று தெம்பனிஸை வென்று, தன் வரலாற்றிலேயே முதல் பெரிய கிண்ணத்தைத் தூக்கியது. இரண்டும் வடகிழக்கிலும் கிழக்கிலும் இருக்கும் அக்கம்பக்கத்து வட்டாரங்கள். அந்த ஆட்டத்தில் இருந்த சூட்டுக்குத் தரம் குறைவு என்று யாரும் குறை சொல்ல முடியாது. 2014ல் பாலஸ்டியர் கல்சா ஹோம் யுனைடெட்டை வீழ்த்தியபோதும் இப்படித்தான் இருந்தது. சின்ன அணி பெரிய அணியைத் தட்டித் தூக்கும்போதுதான் கிண்ணப் போட்டிக்கு உயிர் வருகிறது.

அதனால்தான் அணிகளைக் குழுக்களாகப் பிரித்து ஆடவைக்கும் இப்போதைய குழுச் சுற்று எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றாலும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது லீக். கிண்ணம் என்றால் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். பழையபடி வெளியேற்றுச் சுற்றாக நடத்துங்கள். வார இறுதியில் ஆடும் அமெச்சூர் அணிகளுக்கும் தகுதிச் சுற்று வைத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். பகலில் டெலிவரி ஓட்டுகிற பையன் ஒருவன் இரவில் தேசிய அணிக் கோல்காப்பாளருக்கு எதிராக ஒரு கோல் போட்டால், அவன் புளோக்கே அரங்கத்துக்கு வரும்.

நம் பங்குக்கு நாமும் போக வேண்டும். ஜாலான் புசார் விளையாட்டரங்கம் லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறவர்கள், முஸ்தஃபாவில் சாமான் வாங்குகிறவர்கள், ஆட்டம் இருக்கிற நாளில் ஒரு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த அணி என்று தெரியாவிட்டால் நீங்கள் குடியிருக்கிற வட்டாரத்துக்குப் பக்கத்து அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.