ஸ்பைடர் பால் பைத்தான் வேண்டாம் மக்களே

பால் பைத்தான் என்பது ஆப்பிரிக்காவின் விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு, ஸ்பைடர் என்பது அதில் சிலந்தி வலை மாதிரிக் கோடு போட்ட ஒரு ரகம். ஸ்பைடர் பால் பைத்தானை வாங்கவும் வேண்டாம், இணை சேர்க்கவும் வேண்டாம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கலர் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் பால் பைத்தானின் இன்னொரு ரகமான அல்பினோவைப் பாருங்கள், அது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் குட்டி மஞ்சளும் வெள்ளையுமாக வரும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பார்க்கச் சாதாரணப் பாம்பு, அதைத்தான் ஹெட் என்கிறார்கள். இரண்டு ஹெட்டை இணை சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, ஆனால் ஆறு முட்டை இட்டு ஆறுமே சாதாரணமாகப் பொரிவதும் உண்டு. அந்தச் சாதாரணக் குட்டிகளை '66 சதவீத ஹெட்' என்று விலை ஏற்றி விற்கிறார்கள். மூன்றில் இரண்டு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள், வளர்த்து இணை சேர்த்தோ மரபணுச் சோதனை செய்தோ பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. சரி, இதில் போவது காசு மட்டும்தான்.

ஸ்பைடர் அப்படியில்லை. ஒரே பிரதி போதும், சாதாரணப் பாம்போடு சேர்த்தாலும் சராசரியாகப் பாதிக் குட்டிகளில் அந்த மெல்லிய கறுப்பு வலைக்கோடு வந்துவிடும். அதனால்தான், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பாம்பை வைத்து 1999-இல் அமெரிக்காவில் பெருக்க ஆரம்பித்தது இவ்வளவு வேகமாக உலகமெல்லாம் பரவியது. கூடவே தலையாட்டமும் பரவியது. தலை ஒரு பக்கம் சாயும், கழுத்து திருகும், எலியைக் கொத்தப் போனால் குறி தவறும், சிலது மல்லாந்தே கிடக்கும். 2022-இல் வந்த ஆய்வொன்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உள்காது உறுப்பே இந்தப் பாம்புகளில் கோணலாக இருந்தது.

"நல்லாத் தீனி எடுக்குதே, எங்க லைன்ல ஆட்டம் கம்மி" என்பார்கள் விற்கிறவர்கள். நம்பாதீர்கள். கோடும் ஆட்டமும் சேர்ந்தேதான் வருகின்றன, எத்தனை தலைமுறை நல்லதாகப் பொறுக்கி எடுத்தாலும் ஆட்டத்தை மட்டும் கழிக்க யாராலும் முடியவில்லை. லேசாக ஆடுகிற பாம்புக்கு மோசமாக ஆடுகிற குட்டி பிறப்பதும் உண்டு. பிரிட்டனில் பாம்பு, பல்லி வளர்ப்பவர்களின் ஒரு பெரிய சங்கம் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பதையே நிறுத்திவிட்டது, இங்கேயோ ரீல்ஸில் அந்த ஆட்டத்தை 'டான்ஸ்' என்று போடுகிறார்கள். அது டான்ஸ் இல்லை, நேராக நிற்க முடியாமல் தவிக்கிற உயிர்.

அப்புறம், ரப்பர் தோட்டத்தில் வெள்ளை மலைப்பாம்போ நல்லபாம்போ கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அதை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டுப் பாம்பு என்றாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். கலர்தான் வேண்டும் என்றால் அல்பினோ இருக்கிறது, வெள்ளைத் திட்டுகளோடு வரும் பைபால்ட் இருக்கிறது. ஸ்பைடர் ஏற்கெனவே கையில் இருந்தால் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இணைக்கு மட்டும் விடாதீர்கள்.