ஒரு கேசட், இரண்டு படம், ஒரு தலைவலி

நேற்று ராத்திரி 11 மணிக்கு ஒரு பழைய கேசட்டோடு உட்கார்ந்தேன். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். இசையமைப்பாளரும் வேறு வேறு. எண்பதுகளில் நம் ஊரில் இதெல்லாம் சர்வ சாதாரணம். ஆனால் இசைத் தரவுத்தளத்தில் ஏற்றப் போனால், 'ஆல்பத்தின் கலைஞர்' என்று ஒரே ஒரு கட்டம். யாரைப் போடுவது? சீட்டுக் குலுக்கிப் பார்க்கவா? இரண்டு பேரையும் நடுவில் சாய்கோடு போட்டு எழுதினேன். காலையில் பார்த்தால் யாரோ ஒரு புண்ணியவான் 'பல கலைஞர்கள்' என்று மாற்றி வைத்திருக்கிறார். இரண்டு பேர் எப்படி ஐயா பலர் ஆனார்கள்?

சரி, டிஜிட்டல் வெளியீடாவது சுலபம் என்று அந்தப் பக்கம் போனேன். 1986இல் வந்த படம், வெளியான ஆண்டு 2014 என்கிறது. அப்போதுதான் ஏற்றினார்களாம்! அதே பாட்டு சிங்கிளாக ஒரு தடவை, ஆல்பத்தில் ஒரு தடவை, 'மழைக்கால மெலடிகள்' தொகுப்பில் ஒரு தடவை. ஒரு ஒலிப்பதிவுக்கு எழுத்தும் எண்ணுமாக 12 இடத்தில் ஒரே ஒரு ஐஎஸ்ஆர்சி குறியீடுதான், அதாவது அந்தப் பதிவின் அடையாள எண்தான், இருக்க வேண்டும். எனக்கு மூன்று வந்து நிற்கிறது. நீளம் 4:32, 4:31, 4:29. அந்த மூன்று விநாடியை யார் தின்றது? பாடகர் இடத்தில் கதாநாயகன் பெயர் வேறு. அவர் வாயசைத்தார், அவ்வளவுதானே!

கேசட் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. பி பக்கத்துக் கடைசிப் பாட்டு, இடம் மிச்சமிருந்ததால் சேர்த்த மூன்றாவது படத்தினுடையதாம்.