கப்பல் இறங்கிய அன்றைக்கே விமானம் ஏறாதீர்கள்

மைத்துனன் நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலா போகிறான். நாலு ராத்திரி. பினாங்கு, புக்கெட், திரும்பச் சிங்கப்பூர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எக்செல்லே போட்டுவிட்டான். கப்பல் காலை ஏழு மணிக்குக் கரை சேர்கிறது, திருச்சி விமானம் மதியம் ஒன்றரைக்கு. "ஆறரை மணி நேரம் இருக்கு மாமா, ஓட்டல் காசு மிச்சம்" என்கிறான். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்க, நான் மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று குழுவில் டைப் அடித்து மாளவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், வந்து படித்துக்கொள்ளட்டும்.

இதே கணக்கை 2023-இல் நானும் போட்டவன்தான்.

முதல் தப்பு, கப்பல் கரை சேருகிற நேரத்தை நாம் கரை இறங்குகிற நேரம் என்று நினைப்பது. கப்பல் வந்து கயிறு கட்டி நிற்கும். துறைமுகத்து அனுமதி வரும். அப்புறம்தான் ஆளை இறக்க ஆரம்பிப்பார்கள், அதுவும் தொகுதி தொகுதியாக. மூவாயிரம் பேருக்கு மேல் இருக்கிற கப்பலில் உங்கள் முறை எட்டு மணிக்கும் வரலாம், பத்து மணிக்கும் வரலாம். ஆனால் கேபினை மட்டும் விடிந்ததுமே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். நேற்றுவரை கைகூப்பி வரவேற்ற ஆட்கள் இன்று நம் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அதே கப்பல் அன்று மதியமே அடுத்த கூட்டத்தை ஏற்ற வேண்டும். அதற்குள் அத்தனை அறையும் துடைத்து, மளிகை ஏற்றி, குப்பை இறக்கி முடித்தாக வேண்டும். அந்தக் காலைப் பொழுது அவர்களுக்கு, நாம் இடைஞ்சல்.

பெட்டி விஷயம் இன்னொன்று. முந்தின நாளே எண்ணும் நிறமும் போட்ட டேக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பெட்டியில் கட்டி ராத்திரி பதினோரு மணிக்குள் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் டெர்மினலில் அந்த நிறத்துக்கான இடத்தில் நம் பெட்டி காத்திருக்கும். நல்ல ஏற்பாடுதான். பாஸ்போர்ட்டும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவன் நான். காலையில் எழுந்து பார்த்தால் பையனுடைய ஷூ, செருப்பு இரண்டுமே பெட்டிக்குள் போயிருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் என்னுடைய பத்தாம் நம்பர் ஷூவை மாட்டிக்கொண்டு டக் டக் என்று இறங்கினான். நான் பாத்ரூம் செருப்பில் இறங்கினேன். மரீனா பே டெர்மினலில் எடுத்த குடும்பப் படத்தில் எங்கள் இருவர் காலையும் மனைவி வெட்டிவிட்டாள்.

அன்றைக்குக் கப்பலே ஒன்றரை மணி நேரம் தாமதம். எந்தக் கப்பல் என்பது இங்கே முக்கியமில்லை, கடலில் இது சகஜம். அதன் பிறகு குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி சிங்கப்பூருக்கே திரும்பினாலும் சட்டப்படி அது புதிய வருகை. அதனால் எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற சிங்கப்பூர் வருகைப் படிவத்தை இணையத்தில் மறுபடி நிரப்ப வேண்டும், வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். காசு கிடையாது, காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளமில்லை. நம் பாஸ்போர்ட்டுக்கு விசாவும் பலமுறை நுழைகிற விசாவாக இருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் கார்டை நிரப்பவில்லை. அங்கேயே ஐந்து பேருக்கும் போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள், பின்னால் நாங்கள் நெளிந்துகொண்டிருந்தோம். டாக்ஸி பிடித்துச் சாங்கி விமான நிலையம் போய்ச் சேர்ந்து, செக்-இன் மூட பதினோரு நிமிடம் இருக்கும்போது பெட்டியைத் தராசில் போட்டேன்.

"பிடிச்சிட்டீங்கள்ல, அப்புறம் என்ன?" என்பான் மைத்துனன். பிடித்தோம். நாலு நாள் ஓய்வெடுத்த உடம்பை அந்த ஒரு காலைப் பொழுதில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஊரில் யார் கேட்டாலும் கப்பலைப் பற்றிச் சொல்லாமல் அந்த டாக்ஸியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பகலுக்கு முன் விமானம் போடாதீர்கள் என்று கப்பல் கம்பெனிகளே சொல்வதுண்டு. நான் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: அன்றைக்கே போடாதீர்கள்.

இந்த மே மாதம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனோம். அம்மாவுக்கு 74. இந்த முறை விமானம் மறுநாள். தெலுக் ஆயர் பக்கம் ஓட்டல், ஒரு ராத்திரிக்கு 180 டாலர். நம் காசுக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம். வலிக்கத்தான் செய்தது. மனைவி, "அந்தக் காசுக்கு முஸ்தபாவுல எவ்வளவு வாங்கலாம்" என்றாள். நியாயமான கேள்வி, பதில் சொல்லவில்லை.

கப்பலிலிருந்து இறங்க அவசரமே படவில்லை. கடைசித் தொகுதியில் பேர் கொடுத்துவிட்டு, கூட்டம் வடிந்த உணவுக்கூடத்தில் உட்கார்ந்து அம்மா இரண்டாவது காபி குடித்தார். ஒன்பதரைக்கு வெளியே வந்தபோது வரிசையே இல்லை. டாக்ஸியில் பத்து நிமிடம். அறை மூன்று மணிக்குத்தான் என்றார்கள், பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரி, பரவாயில்லை. இதை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரவேற்பறையில் சண்டை போடத் தோன்றும்.

நான் எதிர்பார்க்காதது தரை. மதியம் அறைக்குள் போனதும் அம்மா குளியலறையில் வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "டேய், இந்த ஓட்டலும் ஆடுதுடா." எனக்கும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, சொல்லவில்லை. கடலின் ஆட்டத்துக்குப் பழகிப்போன மூளை, ஆடாத தரையிலும் அதையே கொஞ்ச நேரம் ஈடுகட்டிக்கொண்டிருக்குமாம். பிரெஞ்சில் இதற்கு மால் த டெபார்க்மான் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். ஆனால் அந்த நிலையில் 74 வயது அம்மாவைச் சாங்கி எஸ்கலேட்டரில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பன்னிரண்டாயிரம் அப்போதே செரித்துவிட்டது.

சாயங்காலம் வெயில் தாழ நடந்தோம். தெலுக் ஆயர் தெருவும் பூன் டாட் தெருவும் சந்திக்கிற முனையில் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டடம், இரண்டு ஓரத்திலும் குட்டி மினார்கள். நாகூர் தர்கா. நம் நாகூர் ஆண்டவருக்கு, சோழமண்டலக் கரையிலிருந்து போன, சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1828-30 வாக்கில் அங்கே எழுப்பியது. அதே தெருவில் சில அடி தள்ளி, சீனர்கள் கடல் தெய்வத்துக்குக் கட்டிய தியான் ஹாக் கெங் கோயில். இந்தப் பக்கம் ஒரு பள்ளிவாசல். குடிசையாக இருந்த காலத்தில் தமிழில் குச்சுப் பள்ளி என்று பெயர். ஏன் எல்லாம் ஒரே தெருவில்? தெலுக் ஆயர் அந்தக் காலத்துக் கடற்கரை. படகிலிருந்து கால் வைத்ததும், உயிரோடு வந்து சேர்ந்தோமே என்று கும்பிட்டது இங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மண் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். இன்று அங்கே நின்றால் கண்ணுக்கு எட்டுவதெல்லாம் வங்கிக் கட்டடங்கள்தான். நாங்கள் இறங்கிய டெர்மினலும் கடலைத் தூர்த்த நிலத்தில்தான் நிற்கிறது.

அம்மாவின் அப்பா போருக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவர். டெக் பயணி, அதாவது மேல்தளத்தில் பாயை விரித்து இடம் பிடித்துக்கொள்கிற டிக்கெட். "இறக்கி நேரா ஊருக்குள்ள விடல, தீவுல போட்டாங்க" என்று தாத்தா சொல்வாராம். எந்தத் தீவு என்று அம்மாவுக்குத் தெரியாது. செயிண்ட் ஜான்ஸ் தீவாகத்தான் இருக்க வேண்டும். கொள்ளைநோய் பயத்தில் 1874 முதலே அங்கே தனிமைப்படுத்தும் முகாம் உண்டு. அவர்களுக்கெல்லாம் கூடுதல் ராத்திரி கட்டாயம். நாம்தான் அதை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். அம்மா தர்காவின் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். ஆட்டம் இன்னும் நிற்கவில்லை என்று பிறகு சொன்னார்.

ராத்திரி சாப்பாடு அதே பூன் டாட் தெருவில், லாவ் பா சாட் ஓரமாக. கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்களோடு 1894-இல் எழுந்த பழைய சந்தைக் கூடம் அது. ஏழு மணிக்கு மேல் அந்தத் தெருவை அடைத்து மேசை போட்டு, கரி அடுப்பில் சாட்டே, அதாவது குச்சியில் கோத்த கறி, சுடுகிறார்கள். வேர்க்கடலைக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடலைச் சட்னியில வெல்லத்தைப் போட்டுட்டான்" என்றார் அம்மா. ஆனாலும் எட்டுக் குச்சி. கப்பலில் நாலு நாளும் எட்டரை மணிக்கு ஷோ, ஒன்பதரைக்குப் பஃபே மூடிவிடும் என்று ஓடிக்கொண்டே இருந்தோம். அங்கே யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை. பத்தரை வரை உட்கார்ந்திருந்தோம். மனைவி முஸ்தபா பேச்சையே எடுக்கவில்லை. (மறுநாள் காலையில் எடுத்தாள். போனோம்.)

கையில் காசு நிஜமாகவே இறுக்கம் என்றால் நான்கு ராத்திரிக் கப்பலை மூன்று ராத்திரியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி ராத்திரியில் கப்பலில் பாதி நேரம் பெட்டி கட்டுவதிலும் பில்லைச் சரிபார்ப்பதிலும்தான் போகிறது. பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை, லீவு கிடைக்கவில்லை என்றால் குறைந்தது ராத்திரி விமானமாவது பாருங்கள். மதியம் ஒன்றரை மட்டும் வேண்டாம் மாப்ள.

திருச்சிக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், அடுப்படி மேடையைப் பிடிக்காமல் நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "இப்ப நின்னுடுச்சுடா" என்றார்.