ஆஷ் கொலைக்குக் காரணம் அந்த மாட்டுவண்டியா?

ஜூன் 17 நெருங்கினாலே திருநெல்வேலிச் சீமையின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கதை சுற்றுகிறது. பிரசவ வலியில் துடித்த தாழ்த்தப்பட்ட பெண்ணைக் கலெக்டர் ஆஷ் அக்ரகாரம் வழியாக வண்டியில் ஏற்றிச் சென்றாராம். அந்த ஆத்திரத்தில்தான் 1911-இல் வாஞ்சிநாதன் அவரை மணியாச்சியில் சுட்டாராம்.

வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தில் அந்தப் பெண்ணும் இல்லை, வண்டியும் இல்லை. ஆங்கிலேய ஆட்சி மீதும் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு மீதுமான கோபமே இருக்கிறது. அதன் பின்னணி தூத்துக்குடியில் தொடங்குகிறது. சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதிலும், 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டதிலும் ஆஷுக்குப் பங்கு உண்டு என்ற கசப்பு சுதேசிகளிடம் ஆறவே இல்லை.

அதற்காக அந்தக் கடிதம் அப்பழுக்கற்றது என்றும் சொல்ல முடியாது. சனாதன தர்மம் பேசும் அதே கடிதம், ஜார்ஜை கோமாமிசம் தின்னும் 'மிலேச்சன்' என்று வைகிறது. மாட்டிறைச்சி உண்பதே அங்கு வசை. வாஞ்சியைக் கொண்டாடும் பகிர்வுகள் இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகின்றன. வாஞ்சியின் சனாதனப் பார்வைக்குச் சான்று தேடுபவர்களுக்கு இந்த வரியே போதும். வண்டிக் கதை எதற்கு?